குளிர்காற்றுக்கு ஒரு டிக்கெட்

நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்கத் தியேட்டர் முதலாளிகள் பயந்தது கோடைக்குத்தான். ஜூன் பிறந்தால் கூட்டம் கரையும். ஜூலையில் பல அரங்குகளுக்குப் பூட்டு விழும். இன்று ஹாலிவுட்டின் பெரும் செலவுப் படங்கள் அதே ஜூன், ஜூலைக்காகக் காத்திருந்து வெளியாகின்றன. இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கான காரணத்தைத் தேடினால் திரைக்குப் பின்னால் அல்ல, அரங்கின் நிலவறைக்குள் இறங்க வேண்டும். பழைய தியேட்டர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பளிங்குப் படிகளையும் சரவிளக்குகளையும் பக்கம் பக்கமாக வருணிக்கிறார்கள். அந்த அழகுக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த இயந்திரங்களுக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1905-ல் பிட்ஸ்பர்க் நகரில் ஹாரி டேவிஸும் ஜான் ஹாரிஸும் ஒரு கடை இடத்தில் ‘நிக்கலோடியன்’ திறந்தார்கள். கட்டணம் 5 சென்ட். சில ஆண்டுகளில் இதுபோன்ற சின்னக் கொட்டகைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. படம் தெரிய இருட்டு வேண்டும்; இருட்டுக்காக ஜன்னல்களை அடைத்தார்கள். படம் காட்டியது கார்பன் வில்விளக்கு. அது கக்கிய அனல் போதாதென்று, எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிம் வேறு. தீ விபத்துக்கு அஞ்சி ஆபரேட்டர் அறையைத் தகரத்தாலும் கல்நாராலும் மூடினார்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய அடுப்பு, பார்வையாளர் கூட்டம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. இரண்டாயிரம் பேர் என்றால் 200 கிலோவாட். நம் வீட்டு ஏசியை ‘ஒன்றரை டன்’ என்கிறோமே, அந்தக் கணக்கில் இது சுமார் 57 டன். ஒரு டன் பனிக்கட்டி இருபத்து நான்கு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் இங்கே ஒரு டன். வியர்வையும் மூச்சும் சேர்ந்து ஒவ்வொருவரும் மணிக்கு 50 கிராம் அளவுக்கு நீராவியை விடுகிறார்கள். ஆக, இரண்டு மணி நேரப் படம் முடிவதற்குள் அந்த அரங்கின் காற்றில் 200 லிட்டர் தண்ணீர் கலந்துவிடும். மின்விசிறி வைத்தார்கள், அது அதே காற்றைச் சுற்றிச் சுற்றி அடித்தது. பனிக்கட்டிப் பாளங்களுக்குப் பின்னால் விசிறியை வைத்தார்கள். பாளம் கரைந்ததும் பழைய கதைதான். கூரையே இல்லாத கோடைக் கொட்டகைகளும் வந்தன. மழை வந்தால் காட்சி ரத்து.

வெப்பத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, ஈரத்தையும் கறக்க வேண்டும் என்பதைத் தெளிவாகக் கண்டவர் வில்லிஸ் கேரியர். 1902-ல் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தின் சிக்கலைத் தீர்க்க அவரை அமர்த்தினார்கள். ஈரப்பதம் மாற மாறக் காகிதம் விரிந்து சுருங்கியது. அடுத்தடுத்து அச்சான வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. அந்த வேலை நடந்த காலத்தில், பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் மூடுபனிக்கு நடுவே நின்றபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது: காற்றை உலர்த்துவதற்குத் தண்ணீரையே தெளித்தால் என்ன?

கேட்க முரணாக இருக்கிறது. ஆனால் குளிர்ந்த நீர் நிறைந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் பார்த்திருக்கிறோம். காற்றில் இருக்கும் ஆவி, பனிநிலை என்கிற வெப்பநிலைக்குக் கீழே போனதும் நீராகிவிடுகிறது. தெளிக்கும் நீர் அந்தப் பனிநிலையைவிடக் குளிர்ச்சியாக இருந்தால், காற்றின் ஈரம் அந்த நீர்த்துளிகளின் மேலேயே படிந்து இறங்கிவிடும். 1906-ல் இந்தக் கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது. 1911-ல் வெப்பநிலை, ஈரப்பதம், பனிநிலை ஆகியவற்றை இணைக்கும் சூத்திரங்களை அவர் வெளியிட்டார். அன்றிலிருந்து குளிரூட்டல் கைப்பழக்கமாக இல்லாமல் கணக்காகிவிட்டது.

இருந்தாலும் தியேட்டருக்குள் குளிரை முதலில் பெரிய அளவில் கொண்டுவந்தது வேறு ஆட்கள். சிகாகோவின் பார்னி பாலபான் ஒரு குளிர்பதனக் கிடங்கு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பண்டங்களைக் காக்கும் குளிர் மனிதர்களுக்கு ஏன் ஆகாது என்ற கேள்வி அவருக்கு இயல்பாக வந்திருக்கும். பாலபான் சகோதரர்களும் சாம் காட்ஸும் சேர்ந்து 1917 அக்டோபரில் சிகாகோவின் மேற்குப் பகுதியில் ‘சென்ட்ரல் பார்க்’ தியேட்டரைத் திறந்தார்கள். ஆலைகளில் வழக்கமாக இருந்த அம்மோனியா கசிந்தால் கூட்டம் மூச்சுத் திணறும். அதனால் இங்கே குளிர்விக்க கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் அரங்குகளின் காற்று மலையுச்சிக் காற்றைவிடத் தூய்மையானது என்று நகரச் சுகாதார ஆணையரே புகழும் அளவுக்குப் பேச்சு பரவியது.

கார்பன் டை ஆக்சைடில் விஷமில்லை, தீயில்லை. அழுத்தம்தான் பயங்கரம். கோடையில் அதைத் திரவமாக்க வளிமண்டலத்தைப் போல் எழுபது மடங்கு வரை அழுத்தம் தேவைப்பட்டது. கனத்த எஃகுக் குழாய்கள், பெரிய இயந்திரம், பெரிய செலவு. போதாததற்கு, குளிர்காற்றை இருக்கைகளுக்கு அடியில் இருந்த துளைகள் வழியாக மேல்நோக்கி விட்டார்கள். குளிர்காற்று கனமானது, அது மேலேறாமல் தரையிலேயே தேங்கியது. தலை வியர்த்துக்கொண்டிருக்க, கால் விறைத்தது. கணுக்காலில் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு படம் பார்த்த பெண்களைப் பற்றிக் கேரியரின் பொறியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கேரியரின் கூட்டாளி லோகன் லூயிஸ் இதை அப்படியே கவிழ்த்துப் போட்டார். குளிர்காற்றைக் கூரையிலிருந்து மெல்ல இறக்கு, தரை வழியாக உறிஞ்சு. அதோடு இன்னொரு நுட்பம்: ஈரம் போகும் அளவுக்குக் குளிர்வித்த காற்று ஆட்கள் தாங்க முடியாத அளவுக்குச் சில்லிடும். அதை மறுபடி சூடாக்கிக் காசை வீணாக்காமல், அரங்கிலிருந்து திரும்பும் காற்றில் ஒரு பகுதியை இயந்திரத்துக்குள் விடாமல் நேரே அதில் கலந்தார்கள். காற்று உலர்ந்தும் இருந்தது, இதமாகவும் இருந்தது. 1922-ல் லாஸ் ஏஞ்சலஸின் மெட்ரோபாலிடன் தியேட்டருக்காக இந்த முறை உருவானது. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இதுதான். புதிய பொருள் எதுவும் இல்லை. காற்று போகும் வழி மட்டும் மாறியது.

அதே 1922-ல் கேரியர் இயந்திரத்தையும் மாற்றினார். முன்னும் பின்னும் இடிக்கும் பிஸ்டனுக்குப் பதில் வேகமாகச் சுழலும் மையவிலக்கு கம்ப்ரஸர். அதில் ஓடியது டைலீன் என்ற குளோரின் கலந்த திரவம். சாதாரண அழுத்தத்தில் சுமார் 50 டிகிரி செல்சியஸில்தான் அது கொதிக்கும். ஆகவே குழாய்க்குள் வெற்றிடத்துக்கு நெருக்கமான தாழ்ந்த அழுத்தமே போதும். ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, உள்ளிருப்பது அரங்குக்குள் பீய்ச்சி அடிக்காது. அரங்கில் இதைப் பொருத்த அனுமதி தர நியூயார்க்கின் பாதுகாப்பு அதிகாரி தயங்கியபோது, கேரியர் அவர் மேசை முன்னாலேயே கொஞ்சம் டைலீனை ஊற்றி, தீக்குச்சியைக் கிழித்துப் போட்டு, அது வெடிக்காமல் நிதானமாக எரிவதைக் காட்டினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு பதிவு செய்திருக்கிறது.

அனுமதி கிடைத்த அரங்கு, டைம்ஸ் சதுக்கத்தின் ‘ரிவோலி’. 1925 மே மாதக் கடைசி, போர்வீரர் நினைவு நாளை ஒட்டிய விடுமுறை. பாரமவுன்ட் நிறுவனத் தலைவர் அடால்ஃப் ஸுக்கர் மேல்மாடத்தில் அமர்ந்திருந்தார். இயந்திரம் தாமதமாக ஓடத் தொடங்கியதால் அரங்கு தகித்தது. கூட்டம் கைவிசிறிகளை வீசிக்கொண்டே இருந்தது. பிறகு ஒவ்வொரு விசிறியாக மடியில் இறங்கியது. மக்களுக்கு இது பிடிக்கும் என்று ஸுக்கர் கேரியரிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஐந்தாண்டுகளில் கேரியர் நிறுவனம் மட்டும் சுமார் 300 அரங்குகளைக் குளிரூட்டியது.

அதன் பிறகு வாசல் பலகைகளில் நடிகர் பெயருக்குப் போட்டியாகக் குளிர் நின்றது. எழுத்துகளில் பனி தொங்குவது போல் வரைந்து, ‘உள்ளே 20 டிகிரி குளிர்ச்சி’ என்று அழைத்தார்கள். அந்த 20 டிகிரி ஃபாரன்ஹீட் கணக்கு; நம் அளவில் 11. ஜான் எபர்சன் கட்டிய அரங்குகளில் கூரையே நட்சத்திரங்கள் மினுக்கும் இரவு வானம். அவற்றில் ஒன்றான சான் அன்டோனியோவின் ‘மெஜஸ்டிக்’ 1929 ஜூனில் திறந்தபோது, டெக்சஸ் வெயிலில் சில பெண்கள் ஃபர் கோட் போட்டு வந்தார்கள் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். வீட்டில் ஏசி என்பது செல்வந்தருக்கே அரிதாக இருந்த நாளில், கடைப் பணிப்பெண்ணும் ஆலைத் தொழிலாளியும் சில்லறைக் காசுக்கு இரண்டு மணி நேரம் அதை அனுபவித்தார்கள். எல்லோரும் ஒன்றாக என்று மட்டும் சொல்ல முடியாது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனி வாசல், தனி மேல்மாடம். குளிரூட்டாத அரங்கில் வெப்பக் காற்று போய்ச் சேரும் இடம் அதுவே. அந்த இருக்கைகளின் வெப்பத்தையும் இந்த வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும்.

1930-களில் ஃப்ரியான் என்ற குளிர்பதன வாயு வந்து டைலீனை ஓரங்கட்டியது. பின்னர் அந்தக் குடும்பத்து வாயுக்களே ஓசோன் படலத்தை அரிப்பது தெரியவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜன்னல் ஏசி வீடுகளுக்குள் புகுந்தது, தொலைக்காட்சியும் கூடவே வந்தது. தியேட்டரின் தனிப்பெருமை போயிற்று. ரிவோலி 1987-ல் இடிக்கப்பட்டது. சென்ட்ரல் பார்க் தேவாலயமாக மாறியதால் தப்பியது. அதன் நிலவறையில் அன்று ஓடிய கார்பன் டை ஆக்சைடு மட்டும் மறுபடி வேலைக்கு வந்திருக்கிறது. ஓசோனைக் கெடுக்காத, ஃப்ரியான் வகை வாயுக்களைவிடப் புவி வெப்பத்தை மிகக் குறைவாகக் கூட்டும் குளிர்பதன வாயு என்று ஐரோப்பியப் பல்பொருள் அங்காடிகளின் குளிர்பெட்டிகளிலும், ஜப்பானிய வீடுகளின் வெந்நீர்க் கருவிகளிலும் இன்று அதைத்தான் நிரப்புகிறார்கள்.