பெருந்திரளும் சிறுமந்தையும்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயங்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிறுபான்மையே. அங்கு வளரும் இளைஞன் தன் விசுவாசத்தில் தான் தனித்தவன் என எண்ணினால் வியப்பில்லை.

1995 ஜனவரி 15இல், மணிலாவில், உலக இளைஞர் தின நிறைவுத் திருப்பலிக்கு 40 இலட்சம் பேருக்கு மேல் திரண்டனர் என்பர். அதை நிறைவேற்றிய பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், ஆறு நாட்களின் பின் கொழும்புக் காலிமுகத்திடலில் ஜோசப் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015இல் அதே திடலில் அவர் புனிதரானார்.

அவ்வடிகளார் கண்ட கூட்டமோ வேறு! 1687இல், ஒல்லாந்தரின் தடையை மீறி, பிச்சைக்காரக் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். தமிழும் சிங்களமும் பயின்றார். இரவில், மறைவில், சிறு குழுக்களுக்கே திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

மணிலாவில் திரண்ட பிள்ளைகளும் பின்னர் தத்தம் ஆலயத்துக்கே திரும்பினர். நம் பிள்ளைகள் இத்தகைய கூட்டங்களுக்குச் சென்று திரும்பும்போது, ஞாயிறு வாசகத்தை வாசிக்கவும் சிறாருக்கு மறைக்கல்வி ஊட்டவும் அவர்களை அழைப்போமா?