கவிழ்த்த பாத்திரம்: பௌத்தத்தில் கண்டனமும் கருணையும்

ஒரு வினாவோடு தொடங்குகிறேன். நாம் மதிக்கும் ஒருவர் தவறு செய்கிறார் என்று உறுதியாக நம்புகிறோம். தனியாகச் சொல்லிப் பார்த்தாயிற்று, பயனில்லை. இனி ஊரறியக் கண்டிப்பதா? அல்லது கருணை கருதி வாய்மூடி இருந்துவிடுவதா?

இவ்வினா எனக்குப் புத்தகத்திலிருந்து பிறந்ததன்று. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் வட்டாரக் கோயிலில் மூன்று ஆண்டுகளாகத் திருப்பணிக் கணக்கு காட்டப்படவில்லை. இளைஞர்கள் பதினைந்து பேர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கோயில் வாசலில் பதாகைகளுடன் நின்றோம். கணக்குக் கேட்டதில் தவறில்லை. ஆனால், தலைவர் காரிலிருந்து இறங்கியபோது கூட்டத்தின் நடுவிலிருந்து ‘திருடன்’ என்று கத்தியவன் நான். எனக்குப் பத்து வயதில் தேவாரம் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

இரண்டு மாதங்களில் கணக்கு வந்தது. பணம் எங்கும் போகவில்லை. எழுதி வைக்கும் ஒழுங்குதான் இல்லை. ஐயா பதவி விலகினார். அதன்பின் கோயில் பக்கமே வரவில்லை. நண்பர்கள் வெற்றி என்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மறு ஆண்டு விசாக நாளன்று சீன நண்பர் ஒருவருடன் பிரிக்பீல்ட்ஸ் பௌத்த மகா விகாரைக்குச் சென்றிருந்தேன். வரிசையில் நின்றபோது இக்கதையை அவரிடம் சொல்லிவிட்டு, “உங்கள் சமயத்தில் இந்தச் சண்டையெல்லாம் இருக்காது, இல்லையா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “கோசாம்பி என்று ஓர் ஊர் உண்டு. அதைப் பற்றிப் படித்துவிட்டு வா” என்றார். அந்தத் தேடலில் நான் கற்றதைத்தான் இக்கட்டுரையின் வழி பகிர்ந்துகொள்கிறேன்.

கோசாம்பியில் நடந்தது

புத்தர் உயிரோடு இருந்த காலத்திலேயே கோசாம்பி நகரத்துப் பிக்குகள் இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டனர். விநய பிடகத்தின் மகாவக்கம் இதை விரிவாகக் கூறுகிறது. சண்டையின் தொடக்கம் மிகச் சிறியது. ஒரு பிக்கு கழிப்பறைப் பாத்திரத்தில் மிச்சத் தண்ணீரை ஊற்றாமல் விட்டுவிட்டார் என்கின்றன உரைநூல்கள். அது குற்றமா, இல்லையா என்று வாதம் எழுந்தது. ஒரு பிரிவினர் அவரைச் சங்கத்திலிருந்து விலக்கினர். மறு பிரிவினர் அவர் பக்கம் நின்றனர்.

புத்தர் இரு தரப்பாரிடமும் பேசினார். அவர்கள் கேட்கவில்லை. இது தங்கள் சண்டை, தாங்களே பார்த்துக்கொள்வோம் என்று அவரிடமே சொல்லிவிட்டனர். அவர் யாரையும் உடன் அழைக்காமல் ஊரைவிட்டு வெளியேறிக் காட்டுக்குச் சென்றார்.

அதன்பின் ஊர்மக்கள் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. புத்தர் ஊரைவிட்டுப் போனதற்கு இப்பிக்குகளே காரணம் என்று அவர்கள் முடிவு செய்தனர். பிக்குகளைக் கண்டால் வணங்குவதில்லை, எழுந்து நிற்பதில்லை, உணவிடுவதில்லை என்று தீர்மானித்தனர். அடித்ததாகவோ விரட்டியதாகவோ நூலில் இல்லை. பசி வந்ததும் பிக்குகளுக்குப் புத்தி வந்தது. அவர்கள் சாவத்தி நகரில் இருந்த புத்தரிடம் சென்றனர். விலக்கப்பட்டவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சங்கம் மீண்டும் ஒன்றாயிற்று.

ஆக, பொதுமக்கள் துறவியரை எதிர்த்து ஊரறியக் கண்டனம் தெரிவிப்பது பௌத்தத்திற்குப் புதியதன்று.

பாத்திரத்தைக் கவிழ்த்தல்

கோசாம்பியில் மக்கள் கொடுக்க மறுத்தனர். இதற்கு நேர்மாறாக, பிக்குகள் வாங்க மறுக்கும் முறையும் உண்டு. பாலியில் இதைப் ‘பத்தநிக்குஜ்ஜன கம்மம்’ என்பர். ‘பாத்திரத்தைக் கவிழ்த்தல்’ என்பது பொருள்.

பிச்சைப் பாத்திரம் என்றதும் நமக்கு மணிமேகலையின் அமுதசுரபி நினைவுக்கு வரும். பசித்தவர்க்கெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுத்த பாத்திரம் அது. அதே பாத்திரம் கவிழ்ந்தால் என்ன ஆகும்? பௌத்த நம்பிக்கையின்படி, பிக்குவுக்கு உணவிடுவதன் மூலம் இல்லறத்தார் புண்ணியம் ஈட்டுகின்றனர். அவர் கையால் வாங்குவதில்லை என்று சங்கம் முடிவு செய்தால் அந்தப் புண்ணிய வழி அடைபடுகிறது. பக்தியுள்ள ஒருவருக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை.

இம்முறை தோன்றிய கதை சுள்ளவக்கத்தில் இருக்கிறது. வட்டன் என்னும் லிச்சவி குலத்தவன், தப்பர் என்னும் தேரர்மீது, தன் மனைவியைக் கெடுத்ததாகப் பொய்ப்பழி சுமத்தினான். விசாரணையில் பொய் வெளிப்பட்டது. சங்கம் அவனுக்குப் பாத்திரத்தைக் கவிழ்த்தது. ஆனந்தர் அவன் வீட்டுக்கே நேரில் சென்று அம்முடிவை அறிவித்தார். வட்டன் மயங்கி விழுந்தான். பின்னர், நனைந்த ஆடையும் நனைந்த தலையுமாக உறவினரோடு புத்தரிடம் வந்து, தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டினான். பாத்திரம் மீண்டும் நிமிர்த்தப்பட்டது.

இம்முறையில் நான்கு கூறுகளைக் காண்கிறேன். முதலாவது, இது தனி ஒருவரின் கோபமன்று. சங்கம் கூடி எடுக்கும் முடிவு. இரண்டாவது, எந்தெந்தச் செயல்களுக்கு இதைச் செய்யலாம் என்று எட்டுக் காரணங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. மூன்றாவது, முடிவை உரியவரிடம் நேரில் சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் பேசுவதற்கு இடமில்லை. நான்காவது, கவிழ்ப்பதற்கு விதி வகுத்தவர்களே நிமிர்த்துவதற்கும் விதி வகுத்திருக்கின்றனர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கவிழ்த்த பாத்திரத்தில் சோறு விழாது. கண்டிப்பவர்தாம் முதலில் இழக்கிறார்.

மியன்மார், 2007

இப்பழைய முறை நம் காலத்திலும் உயிர்பெற்றது. மியன்மாரில் 1990-இல் மாண்டலே நகரில் தொடங்கி, இராணுவத்தினர் கொடுக்கும் தானத்தைப் பிக்குகள் மறுத்தனர். 2007-இல் அது மீண்டும் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் எரிபொருள் விலை திடீரென உயர்ந்தது. செப்டம்பர் 5-ஆம் நாள் பகோக்கு நகரில் அமைதியாக ஊர்வலம் சென்ற பிக்குகளைப் படையினர் அடித்தனர். செப்டம்பர் 17-க்குள் மன்னிப்புக் கேட்குமாறு பிக்குகள் கெடு விதித்தனர். மன்னிப்பு வரவில்லை. மறுநாள் முதல் பாத்திரங்கள் கவிழ்ந்தன.

ரங்கூன் தெருக்களில் ஆயிரக்கணக்கான பிக்குகள் நடந்தனர். அவர்கள் ஓதியது மெத்த சுத்தம். எல்லா உயிர்களும் நலமாயிருக்க வேண்டும் என வாழ்த்தும் பாடம் அது. அவ்வாழ்த்தில் படைத்தலைவர்களும் அடங்குவர். “நீ நலமாயிரு, ஆனால் உன் கையால் வாங்கமாட்டேன்” என்பதே அதன் பொருளாயிற்று. நான் தேடிக்கொண்டிருந்த விடையை இங்கேதான் கண்டேன்.

ஆனால், கருணையோடு நடந்தால் வெற்றி உறுதி என்று எண்ணிவிடக் கூடாது. செப்டம்பர் இறுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மடங்களில் இரவோடு இரவாகச் சோதனை நடந்தது. பலர் சிறை சென்றனர். இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. ஐந்தே ஆண்டுகள் கழித்து, 2012-இல், ரோஹிங்யா மக்களை நாட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்று மாண்டலேயில் பிக்குகள் ஊர்வலம் போயினர். அதே காவி, அதே தெரு நடை. வடிவம் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதற்கு இதுவே சான்று.

திபெத்திய வழக்கு

மியன்மாரில் எதிர்த்தரப்பு ஆயுதம் ஏந்திய அரசு. சமயத்துக்குள்ளேயே, குருவுக்கும் சீடர்களுக்கும் இடையே பூசல் வந்தால் என்ன ஆகும்? அதற்கு டோர்ஜே ஷுக்டென் வழக்கைப் பார்க்க வேண்டும்.

ஷுக்டென் என்பது திபெத்திய பௌத்தத்தின் கெலுக் மரபில் சிலர் காவல் தெய்வமாக வணங்கும் ஒரு தெய்வம். தலாய் லாமாவும் இளமையில் இவ்வழிபாட்டைச் செய்தவரே. 1970-களின் நடுவில் அவர் அதைக் கைவிட்டார். இவ்வழிபாடு மரபுகளுக்கிடையே பிளவை வளர்க்கிறது, பௌத்தத்தை ஆவி வழிபாடாகத் தாழ்த்துகிறது என்பது அவர் கருத்து. 1996-இல், இதைத் தொடர்பவர்கள் தம்மிடம் தீட்சை பெற வரவேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தார்.

வழிபடுவோருக்கு இது பேரிடியாக இருந்தது. தங்கள் குரு கொடுத்ததைக் கைவிடுவது குருத்துரோகம் என்று அவர்கள் கருதினர். அதே ஆண்டு இலண்டனில் ஆர்ப்பாட்டங்கள் தொடங்கின. இங்கிலாந்தில் 1991-இல் கெல்சாங் கியாட்சோ நிறுவிய புதிய கடம்ப மரபைச் சேர்ந்தோர் அவற்றில் முன்னின்றனர். 2008-இலும் 2014, 2015-ஆம் ஆண்டுகளிலும் தலாய் லாமா சென்ற நகரங்களில் எல்லாம் காவியுடையில் நின்று, அவரைப் பொய்யர் என்று முழங்கினர்.

இரு தரப்பையும் பாத்திர விதியால் அளந்து பார்ப்போம். “நீங்கள் விரும்பியதை வணங்குங்கள், ஆனால் என்னிடம் தீட்சைக்கு வராதீர்கள்” என்பது ஏறத்தாழப் பாத்திரத்தைக் கவிழ்ப்பது போன்றதே. அது அந்த அளவில் நிற்கவில்லை. 2008-இல் கர்நாடகத்திலுள்ள திபெத்திய மடங்களில் பிக்குகள் ஏதேனும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. வழிபாட்டைத் தொடர்ந்தவர்கள் பிரிந்து தனி மடங்கள் அமைத்தனர். வழிபடுவோர் உள்ளே வரக்கூடாது என்று சில கடைகளிலும் எழுதி வைத்தனர். தீட்சையை மறுப்பது வேறு. அரிசி பருப்பை மறுப்பது வேறு. இதைச் சுட்டிக்காட்ட ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால், அவர்கள் பிடித்த பதாகை கடைக்காரரின் செயலைக் குறிக்கவில்லை; ஒரு மனிதரைப் பொய்யர் என்றது. கணக்கைக் கேட்காமல் ‘திருடன்’ என்று நான் கத்தியதுபோல. கேட்ட திபெத்திய மக்களின் நெஞ்சில் முறையீடு ஏறவில்லை, வசைதான் ஏறியது. 1997 பிப்ரவரியில் தர்மசாலாவில் லோப்சாங் கியாட்சோ என்னும் மூத்த ஆசிரியரும் அவர் மாணவர் இருவரும் கொலையுண்டனர். ஷுக்டென் வழிபடுவோர் சிலர்மீது காவல்துறை ஐயம் கொண்டது. நீதிமன்றத்தில் யார்மீதும் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும், அதன்பின் இரு தரப்பும் அமர்ந்து பேசுவது மேலும் அரிதாயிற்று. 2015 டிசம்பரில், இப்போராட்டத்திற்குச் சீன அரசின் ஆதரவு இருப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. போராட்ட அமைப்பு மறுத்தது. 2016 மார்ச்சில் அவ்வமைப்பு கலைக்கப்பட்டது. இருபது ஆண்டு முழக்கத்தின் முடிவில் பாத்திரத்தை நிமிர்த்த எவரும் இல்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

கருணை என்றால் வாய்மூடல் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பெரும்பாலும் அதிகாரத்தில் உள்ளவர்களே அப்படிச் சொல்வார்கள். கோசாம்பி மக்களும் மியன்மார்ப் பிக்குகளும் வாய்மூடி இருக்கவில்லை. அவர்கள் கண்டித்தது செயலை. என்ன செய்தால் கண்டனம் நீங்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைத்தனர். மன்னிப்பு, சமாதானம், குற்ற ஒப்புதல் என்று திரும்பி வர ஒரு வாசல் திறந்திருந்தது.

ஆகவே, மாணவர்களாகிய நாம் பதாகை எழுத உட்காரும்முன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். நாம் எழுதுவது செயலையா, ஆளையா? இதை அவரிடம் நேரில் சொன்னோமா? நம் கோரிக்கை நிறைவேறினால், மறுநாள் அவர் நம்மிடையே வந்து உட்கார முடியுமா? மூன்றாவது வினாவுக்கு ‘முடியாது’ என்பது விடையானால், பதாகையைத் திருத்தி எழுத வேண்டும்.

சென்ற தீபாவளிக்கு ஐயா வீட்டுக்குச் சென்றேன். அம்மாதான் கதவைத் திறந்தார். ஐயா நாற்காலியில் இருந்தார். “கணக்குக் கேட்டது சரிதான் ஐயா. நான் சொன்ன அந்தச் சொல் தப்பு” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கணக்கை நானும் எழுதி வச்சிருக்கணும்ப்பா” என்றார். முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அவர் இன்னும் கோயிலுக்கு வரவில்லை. வரும் திருவிழாவுக்கு மீண்டும் சென்று அழைப்பேன்.