ஓடுகிற குதிரை, நிற்கிற வாள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் பேருந்தில் போகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். நாலந்தாவைத் தாண்டியதும் மலைகள் இரு பக்கமும் ஒதுங்கிக்கொள்ளும். மிளகுக்கொடி ஏறிய மரங்கள் குறைந்து, வெயில் காயும் சமவெளி தொடங்கும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நாடுகள். சீகிரியாக் குன்று நிற்பது இந்த இரண்டாவது நாட்டில்.

5ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் குன்றிலிருந்து இறங்கி, தம்பி முகலனை எதிர்க்கப் போன காசியப்பன் யானைமேல் இருந்தான். எதிரே சேற்று நிலம் கிடப்பதைக் கண்ட யானை, வேறு வழி பிடிக்கத் திரும்பியது. அரசன் பின்வாங்குகிறான் என்று எண்ணிய படை சிதறி ஓடியது. தனித்து நின்ற அரசன் தன் குறுவாளால் கழுத்தை அறுத்துக்கொண்டான் என்கிறது சூளவம்சம். யானை செய்ததில் தவறில்லை. சேற்றில் இறங்காதது அதன் அறிவு. ஆனால் விலங்கின் மேலிருந்து போரிடுகிறவன் தன் ஆயுதத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இலங்கை வரலாற்றில் இல்லை.

யானையைவிடக் குதிரையில் இது இன்னும் கடினம். யானைமேல் பாகன் தனி, போராளி தனி. குதிரைமேல் இரண்டும் ஒருவனே. இடக்கையில் கடிவாளம், அதே கையில் கேடயம், வலக்கையில் ஆயுதம். கைகள் நிறைந்துவிட்டதால் முழங்காலின் அழுத்தத்தாலும் உடலைச் சாய்ப்பதாலுமே குதிரையோடு பேச வேண்டும். அந்தப் பேச்சைக் குதிரைக்குக் கற்பிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

குதிரைமேல் வாள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மகாவம்சத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. துட்டகைமுனுவின் பத்து மாவீரர்களில் ஒருவனான வேலுசுமணன், அநுராதபுரத்தில் எல்லாளனின் குதிரையைக் கவர்ந்துகொண்டு, தன் பெயரையும் சொல்லிவிட்டு ஓடுகிறான். எல்லாளனின் முதன்மை வீரன் இன்னொரு குதிரையில் துரத்துகிறான். வேலுசுமணன் ஒரு புதரின் மறைவில் குதிரையை நிறுத்தி, வாளை உருவி நீட்டிப் பிடிக்கிறான். வீசவில்லை, வெட்டவில்லை. காற்றாய் வந்தவனின் தலை, வந்த வேகத்திலேயே அந்த வாளில் பட்டு அறுந்து விழுகிறது.

நடந்ததா, புனைந்ததா என்பது இருக்கட்டும். அதைச் சொன்னவர் குதிரைப்போரின் பௌதிகத்தை அறிந்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். குதிரையும் வீரனும் சேர்ந்து 520 கிலோ, வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால், அந்த ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 32,000 ஜூல். வேகப்பந்து வீச்சாளர் 140 கிலோமீற்றர் வேகத்தில் எறியும் கிரிக்கெட் பந்தில் இருப்பது 120 ஜூல் அளவுதான். 250 மடங்குக்கும் மேல் வித்தியாசம். குதிரைவீரனின் கையில் இருப்பது அந்த ஆற்றலின் கூர்முனை. வலிமை அவன் தோளிலிருந்து வருவதல்ல.

அதே ஆற்றல் அவனையும் கவிழ்க்கும். எதிரியின்மேல் பட்ட ஈட்டி அதே விசையோடு அவனைப் பின்னுக்குத் தள்ளும். அதனால்தான் ஆயுதத்தின் வரலாறும் இருக்கையின் வரலாறும் பிரியாமல் வருகின்றன. கால் பெருவிரலை நுழைக்கும் வளையத்தை இந்தியாவில் சாஞ்சிச் சிற்பங்களிலேயே காணலாம். இரு பாதங்களையும் ஊன்றும் முழுமையான அங்கவடிச் சோடி, 415இல் சீனாவில் இறந்த ஃபெங் சூஃபூ என்பவரின் கல்லறையில் கிடைத்தது. வாளைப் பக்கவாட்டில் வீசவும், எழுந்து நின்று அம்பு எய்யவும் அங்கவடி உதவியது. ஈட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மோதும் ஐரோப்பிய முறைக்கு, முதுகைத் தாங்கும் உயரமான சேணமே பெரிய துணை என்பது என் கருத்து. வேலுசுமணன் காலத்தில் இந்த வசதிகள் இல்லை. அவன் நின்ற குதிரையில் இருந்து, எதிரியின் வேகத்தைக் கடன் வாங்கிக்கொண்டான்.

வாளின் வளைவுக்கும் காரணம் வேகமே. ஓட்டத்தில் குத்திய நேரான வாள் உடலில் சிக்கினால், விடாத மணிக்கட்டு முறியும். வளைந்த வாள் வழுக்கிக்கொண்டே அறுத்துவிட்டு வெளியே வரும்.

தமிழகத்தில் குதிரைக்குப் பஞ்சமில்லாத புகழ் உண்டு. வீரனின் குதிரையைப் பாடக் குதிரைமறம் என்று ஒரு துறையையே நம் முன்னோர் வகுத்தார்கள். கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. திருவரங்கத்துச் சேஷகிரிராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிய கற்குதிரைகள்மேல் வீரர்கள் ஈட்டி பாய்ச்சுகிறார்கள். ஆனால் குதிரை நம் தட்பவெப்பத்துக்கு உரியதல்ல. 1290களில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதென்றும் எழுதினார். சோற்றோடு இறைச்சியைக் கலந்து ஊட்டினார்களாம். படிக்கும்போதே அந்தக் குதிரைகளுக்காக மனம் வலிக்கிறது.

இனி மாத்தளையின் முதல் நாட்டுக்கு, மலைக்குத் திரும்புவோம். 1815 வரை கண்டி இராச்சியத்தைச் சேர்ந்திருந்த நிலம் இது. 1660இல் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த இராச்சியத்தில் வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ், பாதைகள் அகலமாவதை அரசன் விரும்பவில்லை என்றும், வழிகளில் முட்கதவுகள் இருந்தன என்றும் பதிவு செய்திருக்கிறார். ஒருவர்பின் ஒருவராக நடக்கும் பாதையில் குதிரைக்கு ஓட்டமில்லை. ஓட்டம் போனால் அந்த 32,000 ஜூலும் போய்விடும். மேலே இருப்பவன், மரத்தின் பின்னாலிருந்து வரும் அம்புக்கு உயரமான இலக்கு, அவ்வளவே. மலைநாட்டார் குதிரைப்படையைப் பெருக்காததை அறியாமை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். தங்கள் நிலத்தை அவர்கள் நன்றாகப் படித்திருந்தார்கள்.

ஐரோப்பியர் இலங்கையில் குதிரை வளர்க்கத் தேர்ந்தது நெடுந்தீவை. மலையும் பெருங்காடும் இல்லாத, தட்டையான, வறண்ட தரை அது. அந்தக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் சேணமோ கடிவாளமோ இல்லாமல் இன்றும் அங்கே மேய்கின்றன.