செம்மறுவும் ஒளிக்கதிரும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், முகத்திலே செந்நிற மறுவுடன் ஒரு குழந்தை பிறந்தால், "கிரகண வேளையில் தாய் வெளியே வந்தாளோ?" எனக் கேட்பார் இன்றும் உளர். பெற்றவள் தலைகுனிகின்றாள். அவள் குனிய வேண்டியதில்லை.

மேல்நாட்டார் 'மதுக்கறை' எனப் பெயரிட்ட இம்மறு, தோலிலுள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் விரிந்து நிற்பதனால் உண்டாவது. ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூவரிடம் இது காணப்படும். கருவில் வளரும்போது சில உயிரணுக்களில் மட்டும் நேரும் மரபணு மாற்றமே பெரும்பாலும் இதன் காரணம் என்பது 2013இல் வெளியாயிற்று. அது தாயின் நடத்தையால் வருவதன்று, கிரகணத்தால் வருவதுமன்று.

பிறந்து சில வாரங்களில் தோன்றி, விரைந்து பருத்து, ஆண்டுகள் செல்லத் தானே சுருங்கும் செங்கட்டி வேறு. மதுக்கறையோ தானே மறையாது. வயதேறத் தடித்துக் கருமையுறுதலும் உண்டு.

இதற்கு வழி காட்டியது லேசர் ஒளி. 1960இல் மைமன் என்னும் அமெரிக்கர் முதல் லேசரை இயக்கினார். தொடக்கத்தில் மறு மங்கினும் தழும்பு எஞ்சுவதுண்டு. 1983இல் அண்டர்சன், பரிஷ் என்னும் இரு மருத்துவ அறிஞர் அதற்குத் தீர்வு கூறினர். குருதியிலுள்ள ஈமோகுளோபின் மஞ்சள் ஒளியை நன்கு உறிஞ்சும். ஆதலின் ஏறத்தாழ 595 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை ஒரு செக்கனின் மிகச் சிறு பகுதிக்கு மட்டும் பாய்ச்சினால், குழாய் சூடேறிச் சிதையும். அயலிலுள்ள தோல் தப்பும். நண்பகலிற் கல்லடிக் கடற்கரைச் சுடுமணலை ஓடிக் கடப்பவன் பாதம் வேகுவதில்லை. நின்றவன் பாதமே வேகும்.

கருநிறத் தோலுடைய நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை உண்டு. தோலின் நிறப்பொருளாகிய மெலனினும் அவ்வொளியை உறிஞ்சும். ஆகவே மருத்துவர் தோலைக் குளிரச்செய்து, ஒளியளவைக் குறைத்து, முதலிற் சிறு இடத்திற் சோதித்தே தொடர்வர். பல அமர்வுகள் வேண்டும். பலருக்கு மறு மங்கும். முற்றாக மறைவது சிலருக்கே. சிகிச்சை பெறும் நாட்களில் வெயில் ஆகாது. தோணியில் ஏறும் பிள்ளைக்குத் தொப்பியும் குடையும் அவசியம்.

நெற்றியிலோ கண்ணிமையிலோ உள்ள மதுக்கறை, சிலருக்கு வலிப்புடனும் கண்ணின் அழுத்தநோயுடனும் கூடி வரும். ஆகவே மந்திரித்து நாட்களைக் கழியாது, கைக்குழந்தைப் பருவத்திலேயே மருத்துவரிடம் காட்டுதல் பெற்றோர் கடன்.

மறு மங்குவதற்குக் காலம் செல்லும். தாயின் மேற் சுமத்திய பழியோ இன்றே நீங்கலாம். அதற்கு லேசர் வேண்டியதில்லை, அறிவொளியே போதும்.