குப்பையில் ஓர் எரிபொருள் – 6: முதல் ஆலையின் நஷ்டம் யார் தலையில்?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ நகரத்துக்குக் கிழக்கே ஃபுல்கிரம் பயோஎனர்ஜி கட்டிய ஆலைக்கு எந்தக் குறையும் இல்லை என்றே தோன்றியது. மூலப்பொருள் நகரத்துக் குப்பை. யுனைடெட், கேத்தே பசிபிக் விமான நிறுவனங்களும் பிபி எண்ணெய் நிறுவனமும் அந்த நிறுவனத்தில் முதல் போட்டதோடு, பல ஆண்டுகளுக்கு எரிபொருள் வாங்கிக்கொள்ளவும் ஒப்பந்தம் செய்திருந்தன. 2022 டிசம்பரில் குப்பையிலிருந்து முதல் செயற்கைக் கச்சா எண்ணெயும் வந்தது. அடுத்த அக்டோபரில் 28.9 கோடி டாலர் கடன்பத்திரங்களின் ஒப்பந்தம் மீறப்பட்டதாக அறிவிப்பு. 2024 மே மாதம் பணிகள் நின்றன. செப்டம்பரில் திவால் மனு.

இதைக் காட்டி, குப்பையில் விமானம் பறக்காது என்று முடிவுகட்டுவது அவசரம். திடப்பொருளை வாயுவாக்கி, அந்த வாயுவிலிருந்து எண்ணெய் செய்யும் ஃபிஷர்-டிராப்ஷ் முறை 1920களில் ஜெர்மனியில் பிறந்தது. தென்னாப்பிரிக்காவின் சசோல் 1950களிலிருந்து நிலக்கரியைக் கொண்டு இதைச் செய்துவருகிறது. இந்த வழியில் வந்த விமான எரிபொருளைப் பாதிக்குப் பாதி கலக்க 2009-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. புதிது, உள்ளே போடும் சரக்குதான். நிலக்கரியின் குணம் ஓரளவு தெரிந்தது. குப்பையோ இன்றைக்கு ஈரக் காகிதம், நாளைக்கு பிளாஸ்டிக் குழாய். ரீனோவில் எதிர்பாராமல் உருவான நைட்ரிக் அமிலம் கருவிகளை அரித்தது. வாயுவாக்கும் கலத்தில் சிமென்ட் போலப் படிவு இறுகியது. ஓட்டிப் பார்த்துத்தான் தீர்க்க முடிகிற கோளாறுகள் இவை. அதற்குக் காலம் வேண்டும். கடன்பத்திரத்தின் வட்டித் தேதி காத்திருக்காது. கடன் கொடுத்தவருக்கு ஆலை அமோகமாக ஓடினாலும் அதே வட்டிதான், ஓடாவிட்டால் முதலே போச்சு. முன்னுதாரணம் இல்லாத ஆலையை அப்படிப்பட்ட பணத்தில் கட்டியதே தவறு என்பது என் கருத்து. முதல் ஆலைக்குப் பங்கு முதலும் மானியமும். கடன் இரண்டாவது ஆலைக்கு.

விலைக்கு உத்தரவாதம் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். பிரிட்டன் அந்த வழியில் போகிறது: உற்பத்தியாளருக்கு நிச்சயமான விலை, அதற்கான செலவை எரிபொருள் விற்பவர்களிடமே வசூலிப்பது. பறப்பவர்களுக்காக மற்றவர்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற நியாயமான கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. ஆனால் உத்தரவாத விலை, தயாரான லிட்டருக்கு மட்டுமே. ரீனோவில் வாங்க ஆள் இருந்தும் விற்க எண்ணெய் போதவில்லை. கட்டாயக் கலப்பு விதியும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-இல் 2 சதவீதம், 2030-இல் 6 என்று இருப்பது, அளவைத்தான் சொல்கிறது. சந்தை அதை மலிவான வழியில், பழைய சமையல் எண்ணெயில், நிறைவேற்றிவிடப் பார்க்கும். அந்த எண்ணெய் உலகத்துக்கே போதாது.

மானியமும் வீணாகலாமே? ஆகியிருக்கிறது. ஜார்ஜியாவின் சோபர்ட்டனில் மரக்கழிவிலிருந்து எத்தனால் செய்ய வந்த ரேஞ்ச் ஃபியூயல்ஸ், அரசு மானியத்தையும் அரசு உத்தரவாதக் கடனையும் வாங்கி 2011-இல் மூடியது. மறு ஆண்டே அந்த இடத்தை லான்சாடெக் 51 லட்சம் டாலருக்கு வாங்கியது; எத்தனாலை விமான எரிபொருளாக்கும் லான்சாஜெட் ஆலை இன்று அங்கேதான் நிற்கிறது. நிலமும் கட்டடமும் கைமாறின. எது ஏன் பழுதானது என்ற விவரம் பொதுமக்கள் கைக்கு வரவில்லை. பொதுப்பணம் வாங்கும் ஆலை தன் கோளாறுகளை வெளியிட்டாக வேண்டும் என்ற நிபந்தனை, மானியத்தின் தொகையைவிட முக்கியம்.

இந்தியாவிலும் எளிய வழிக்கே முதலிடம். பானிப்பட்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் செய்யும் இந்தியன் ஆயில் ஆலை 2022-இல் திறக்கப்பட்டது. ஆனால் அங்கே விமான எரிபொருளுக்கான சர்வதேசச் சான்று 2025-இல் கிடைத்தது பயன்படுத்திய சமையல் எண்ணெய் வழிக்கு. சர்வதேச விமானங்களுக்கு 2027-இல் 1 சதவீதம், 2030-இல் 5 என்று இலக்கு வைத்தாகிவிட்டது. வைக்கோல் ஆலை தடுமாறப்போகும் ஆண்டுகளின் வட்டி யார் கணக்கில் என்பதற்கு அந்த இலக்கில் இடமில்லை.