ஓர் ஆட்டுக்கு எத்தனை கிலோ சோளம்?

கடைக்குப் போனால் நீங்கள் அரிசி மூட்டையின் விலையைப் பார்ப்பீர்கள். தென் சோமாலியாவின் சந்தைகளில் விலைக் கணக்கெடுப்பவர்கள் தானியத்தின் விலையோடு ஆட்டின் விலையையும் குறித்துக்கொள்கிறார்கள். பஞ்சம் நெருங்குகிறதா என்று அறிய இரண்டுமே வேண்டும்.

அங்கே ஏழைகளின் உணவு செஞ்சோளம். நாம் சோளம் என்றதும் நினைக்கும் மஞ்சள் கதிர் அல்ல. இது சிறு மணிகளாக விளைவது. கால்நடை மேய்ப்பவர்கள் ஆட்டை விற்றுத்தான் அதை வாங்குகிறார்கள். மழை பொய்த்தால் விளைச்சல் குறைந்து சோளம் விலை ஏறும். அதே சமயம், மேய்ச்சலின்றி மெலிந்துபோன ஆடுகளை எல்லாரும் ஒன்றாகச் சந்தைக்கு ஓட்டி வருவார்கள். ஆட்டு விலை சரியும்.

நம் காசிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடு 50 வெள்ளி, சோளம் கிலோ 50 காசு என்றால், ஓர் ஆட்டுக்கு 100 கிலோ கிடைக்கும். வறட்சியில் ஆடு 30 வெள்ளிக்கு இறங்கி, சோளம் கிலோ ஒரு வெள்ளி ஆகிவிட்டால்? வெறும் 30 கிலோ. சோளம் விலை இரண்டு மடங்குதான் ஏறியது. அந்தக் குடும்பத்தின் உணவோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. சந்தையில் மூட்டைகள் அடுக்கியிருந்தும் மக்கள் பட்டினி கிடக்க முடியும். 1943 வங்காளப் பஞ்சத்தைச் சிறுவனாக நேரில் கண்ட பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், 1981இல் வெளியிட்ட நூலில் விளக்கியதும் இதைத்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அறுவடை முடிந்ததும் விலை இறங்குவதும், அடுத்த அறுவடைக்கு முன் ஏறுவதும் வழக்கம். போன மாதத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். அதனால் இந்த ஜூன் மாத விலையை முந்தைய ஐந்தாண்டுகளின் ஜூன் மாதச் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள்.

2011 ஜூலை 20இல் தென் சோமாலியாவின் இரண்டு வட்டாரங்களில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. எச்சரிக்கைகள் பல மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டன. உதவிதான் பிந்தியது. 2010 அக்டோபருக்கும் 2012 ஏப்ரலுக்கும் இடையில் ஏறத்தாழ 258,000 பேர் மாண்டதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இத்தகைய விலைகளைத் திரட்டி எச்சரிப்பதற்கென்றே, எத்தியோப்பியப் பஞ்சத்தை அடுத்து 1985இல் அமெரிக்க நிதியில் தொடங்கப்பட்டது பஞ்ச முன்னெச்சரிக்கை வலையமைப்பு. 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டபோது அதன் இணையத்தளமும் முடங்கியது. மீண்டு வரப் பல மாதங்கள் ஆயின. சந்தையில் கேட்டு எழுதாமல் விட்ட விலையைப் பிறகு எந்தத் துணைக்கோளாலும் எடுத்துத் தர முடியாது.