வெள்ளையாய் இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி அல்ல



சென்ற கோடையில் எங்கள் பிரிஸ்பேன் வீட்டு எலுமிச்சைச் செடியில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ அப்பியிருந்தது. "மாவுப்பூச்சிடா, பார்த்துக்கோ" என்றார் அம்மா. நான் ஒரு குச்சியை எடுத்து, பெரிதாகவும் வேகமாகவும் ஓடியவற்றை முதலில் நசுக்கினேன். இரண்டு வாரத்தில் செடி இன்னும் மோசமானது. பிறகுதான் தெரிந்தது, நான் கொன்றது செடியின் காவல்காரர்களை!

அவை கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சியைத் தின்று வளரும் இவை, வெள்ளை மெழுகு இழைகளால் மூடப்பட்டு மாவுப்பூச்சியைப் போலவே தெரியும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1891இல் கலிபோர்னியாவுக்கும் 1898இல் இந்தியாவுக்கும் கொண்டுபோனார்கள். மற்ற நாடுகள் தேடி வாங்கியதை நான் கொல்லைப்புறத்தில் நசுக்கிக்கொண்டிருந்தேன்.

எப்படி அடையாளம் காண்பது?

மாவுப்பூச்சி சுமார் 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். தொட்டாலும் மெதுவாகத்தான் நகரும். வண்டின் புழு ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், இழைகள் நீளமாகவும் கலைந்தும் இருக்கும், சுறுசுறுப்பாக நடக்கும். வளர்ந்த வண்டு கருமையாக, ஆரஞ்சு நிறத் தலையோடு இருக்கும்.

கொழுந்தில் கூட்டமாய் ஒட்டியிருப்பது அசுவினி. தண்டில் சிறு பொருக்குப் போல அசையாமல் இருப்பது செதில் பூச்சி. செடியை அசைத்தால் புகை போலப் பறப்பது வெள்ளை ஈ. எல்லாமே சாற்றை உறிஞ்சுபவை. மிஞ்சிய இனிப்பு நீரை வெளியேற்றுவதால் இலை பிசுபிசுக்கும். அதன்மேல் கரும்பூஞ்சை படரும்.

என்ன செய்வது?

முதலில் எறும்பைத் தடுங்கள். இனிப்பு நீருக்காக எறும்புகள் இந்தப் பூச்சிகளைக் காத்து, பொறிவண்டுகளை விரட்டும். செடியைத் தொடும் கிளைகளை வெட்டி, தண்டில் துணி சுற்றி, அதன்மேல் எறும்புப் பசை தடவலாம்.

அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே உதிர்க்கலாம். மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். அதிகமானால் செடிகளுக்கென விற்கும் சோப்புக் கரைசலை, வெயில் தணிந்த மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் சோதித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளிக்க வேண்டியிருக்கும். சோப்பு நல்ல புழுக்களையும் கொல்லும். அவை இருக்கும் கிளையை விட்டுவிடுங்கள்.

பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்தோமே, அது எலுமிச்சைச் செடிக்கும் பொருந்தும். இந்த வாரம் மருந்தை எடுக்குமுன், ஐந்து நிமிடம் செடியருகே குனிந்து பாருங்கள்.